பெரியவர்களுக்கான லெகோ: புது செட்டா, மாற்று பிராண்டா, பழைய குவியலா, சொந்த வடிவமைப்பா?

"வேலை முடிந்து வந்தால் திரை இல்லாத ஏதாவது ஒன்றில் கை வைக்க வேண்டும் போல இருக்கிறது. லெகோ கட்டலாம் என்று ஆசை. ஆனால் எதில் தொடங்குவது என்றே தெரியவில்லை." இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் விலையைப் பார்த்துத் தயங்கி நிற்பவர்கள். மீதிப் பேர் பணத்தைத் தயார் செய்துவிட்டு, மிகப் பெரிய பெட்டியை வாங்கிவிடலாமா என்று யோசிப்பவர்கள். இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பிளாஸ்டிக் கட்டைகளைக் கோத்துக் கட்டும் இந்தப் பொழுதுபோக்கில் எந்த வேலை உங்களுக்குப் பிடிக்கும் என்று முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு பெட்டியைத் தேடலாம். புத்தகத்தைப் பார்த்துக் கட்டுவது ஒரு சந்தோஷம். குவியலைக் கிளறித் துண்டுகளைப் பிரிப்பது வேறொரு சந்தோஷம். ஒன்றுமில்லாத மேசையில் சொந்தமாக ஒரு வீட்டை எழுப்புவது முற்றிலும் வேறு. ஒன்றை விரும்பும் ஆள் இன்னொன்றில் பணத்தைப் போட்டால் சலிப்புதான் மிஞ்சும்.

நான்கு வழிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். புதிதாக வாங்கும் லெகோ செட், பிற நிறுவனங்களின் மாற்றுக் கட்டைகள், யாரோ பயன்படுத்திய பழைய கட்டைக் குவியல், துண்டு துண்டாக வாங்கிச் சொந்தமாக வடிவமைப்பது.

## எதை வைத்து அளப்பது?

முதல் அளவுகோல் மேலே சொன்னதுதான்: உங்கள் கை எந்த வேலையைத் தேடுகிறது என்பது. மற்றவை எல்லாம் அதற்கு அடுத்துதான்.

இரண்டாவது, பிடிப்பும் நிறமும். கட்டைகள் ஒன்றையொன்று கவ்வும் இறுக்கத்தைத்தான் பிடிப்பு என்கிறேன். இறுக்கம் குறைந்தால் சுவர் சாயும். கூடினால் பிரிக்கும்போது நகம் வலிக்கும். நிறம் சீராக இல்லாவிட்டால் ஒரே வெள்ளைச் சுவரில் மூன்று வெள்ளை தெரியும்.

மூன்றாவது, முழுச் செலவு. பெட்டியின் மேல் உள்ள விலை அதில் ஒரு பகுதிதான். அலமாரி, டப்பாக்கள், அனுப்பும் செலவு, காணாமல் போன துண்டுகள், உங்கள் மாலை நேரங்கள் எல்லாம் இதில் சேரும்.

நான்காவது, இடம். ஐந்தாவது, கட்டி முடித்த பிறகு என்ன ஆகும் என்பது: கலைத்து வேறொன்று கட்ட முடியுமா, விற்க முடியுமா, இல்லை அப்படியே நின்று தூசி பிடிக்குமா?

பிடிப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான்கு வழிகளையும் இணைப்பது அதுதான். டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் 1932இல் தொடங்கிய லெகோ நிறுவனம், இன்று நாம் பார்க்கும் கட்டைக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரியது. மேலே குமிழ்கள், உள்ளே குழாய்கள். குமிழ் போய்க் குழாய்க்கும் சுவருக்கும் இடையில் சிக்கிக்கொள்வதால்தான் கட்டை நிற்கிறது. 1963இலிருந்து ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடு வரை 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். பிளேட் எனப்படும் தட்டைத் துண்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர், அதாவது மூன்று பிளேட் அடுக்கினால் ஒரு கட்டை. இந்தக் கணக்கு இத்தனை ஆண்டுகளில் மாறவே இல்லை. அதனால் 1970களின் கட்டையும் நேற்று வாங்கிய கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும். பழைய குவியலுக்கு இன்றும் மதிப்பு இருப்பதற்கும், மாற்று பிராண்டுகள் லெகோவோடு சேர்ந்து நிற்பதற்கும் இந்த அளவுதான் காரணம்.

## புதிதாக வாங்கும் லெகோ செட்

பெரியவர்களுக்கென்று லெகோ தீவிரமாக இறங்கிய கதை 2007இல் வந்த கஃபே கார்னர் என்ற தெருமுனைக் கட்டடத்தில் சூடுபிடித்தது. 2056 துண்டுகள். பக்கவாட்டில் அடுத்த கட்டடத்தோடு சிறு பின் துண்டுகளால் இணைக்கலாம், ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்த்தால் ஒரு முழுத் தெரு உருவாகும். 2020இல் பெட்டிகளின் மேல் 18+ என்றே அச்சிட ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டு பூங்கொத்தும் போன்சாய் மரமும் வந்தன. பொம்மை என்று நினைத்து ஒதுங்கி நின்ற பலரை உள்ளே இழுத்தவை அந்தச் செடிகள்தான்.

இந்த வழியின் பெரிய பலம், ஒரு நல்ல ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவது போல இருப்பது. துண்டுகள் எண்ணிட்ட பைகளில் வருகின்றன. கையேடு ஒவ்வொரு படியாகக் காட்டுகிறது. கட்டிக்கொண்டே போகும்போது நீங்கள் அறியாமலே நுட்பங்கள் கைக்குள் வந்துவிடும். அந்தப் போன்சாயையே பாருங்கள். இளஞ்சிவப்புப் பூக்கள் என்று தூரத்திலிருந்து தெரிபவை அத்தனையும் பக்கத்தில் போய்ப் பார்த்தால் குட்டித் தவளைகள்! தவளைக்கென்று செய்த அச்சை, நிறத்தை மட்டும் மாற்றிப் பூவாக்கிவிட்டார் வடிவமைப்பாளர். ஒரு துண்டை அதன் பெயரை மறந்துவிட்டு வெறும் வடிவமாகப் பார்க்கும் இந்தப் பழக்கம் வந்துவிட்டால் போதும், பிறகு எந்தத் துண்டைக் கையில் எடுத்தாலும் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். முதலில் துண்டு எண்ணிக்கை என்னும் மாயை. 2021இல் வந்த உலக வரைபட செட்டில் 11,695 துண்டுகள். அவற்றில் பெரும்பகுதி ஒற்றைக் குமிழ் அளவேயான வட்டத் துண்டுகள். அவற்றைக் குறிப்பிட்ட இடத்தில் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். சிலருக்கு அது தியானம். சிலருக்கு ஆசியாக் கண்டம் முடிவதற்குள் பொறுமை முடிந்துவிடும். 2000 துண்டு கட்டடத்தில் கிடைக்கும் பலவகை வேலை அதில் கிடைக்காது. ஆகவே "துண்டுக்கு எவ்வளவு விலை" என்று வகுத்துப் பார்த்து மலிவு என்று முடிவு கட்டாதீர்கள். துண்டுகளின் வகைதான் கட்டும் அனுபவத்தைத் தீர்மானிக்கிறது.

அப்புறம் இடம். 2022இல் வந்த ஈஃபில் கோபுரம் 10,001 துண்டுகள், உயரம் 149 சென்டிமீட்டர். பன்னிரண்டு வயதுப் பிள்ளை நிற்பதைப் போல அறையில் நிற்கும். டைட்டானிக் கப்பல் 135 சென்டிமீட்டர் நீளம், சாதாரணப் புத்தக அலமாரியில் அடங்காது. பெட்டி வாங்குவதற்கு முன்னால் அளவு நாடாவை எடுத்து, அது நிற்கப்போகும் இடத்தை அளந்துவிடுங்கள். வெயில் நேரடியாக விழாத இடமாக இருக்க வேண்டும், ஏனென்றால் வெள்ளையும் நீலமும் வெயிலில் நிறம் மாறும். மூடிய கண்ணாடிப் பெட்டி இல்லையென்றால் தூசி துடைப்பது நிரந்தர வேலையாகிவிடும். குமிழ்களுக்கு இடையில் புகுந்த தூசியைத் துணியால் எடுக்க முடியாது, மென்மையான பெயிண்ட் பிரஷ் வேண்டும். இன்னொன்று, ஸ்டிக்கர். நிறைய செட்டுகளில் அச்சிட்ட துண்டுக்குப் பதில் நீங்களே ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர்கள்தான் வரும். கலைத்துக் கட்ட நினைப்பவர்களுக்கு இது தொல்லை.

"விற்பனையை நிறுத்திய செட்டின் விலை ஏறும், முதலீடாக வாங்கலாம்" என்று சொல்பவர்களும் உண்டு. ஏறியவை உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் தாஜ்மகாலை மறக்க வேண்டாம். 2008இல் 5922 துண்டுகளோடு வந்து, விற்பனை நின்றபின் சேகரிப்பாளர்களிடையே விலை எகிறிப் போன செட் அது. 2017இல் ஏறக்குறைய அதே செட்டை, 5923 துண்டுகளோடு, லெகோவே மறுபடி வெளியிட்டது. பெட்டியைப் பிரிக்காமல் பரணில் வைத்திருந்தவர்களின் கணக்கு அன்றோடு மாறியது. கட்டுவதற்காக வாங்குங்கள். பிரிக்காத பெட்டியில் பொழுதுபோக்கு எதுவும் இல்லை.

யாருக்கு இது பொருந்தும்? நாள் முழுக்க முடிவுகள் எடுத்துக் களைத்தவர்களுக்கு. மாலையில் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டாம், யாராவது "இதை இங்கே வை" என்று சொன்னால் போதும் என்று இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. முதன்முறையாகத் தொடங்குபவர்களுக்கும் இதுதான் என் பரிந்துரை, ஆனால் நடுத்தர அளவில். 500 முதல் 1500 துண்டுகள் வரை போதும். ஒரே பெட்டியில் மூன்று மாதிரிகள் கட்டும் கிரியேட்டர் 3-இன்-1 வரிசை, விலைக்கு நிறையக் கட்டும் நேரம் தருவது. அதில் கலைக்கவும் பழகிக்கொள்வீர்கள். கலைக்கத் தயங்குபவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் சீக்கிரம் இடமில்லாமல் தவிப்பார்கள்.

## மாற்று பிராண்டுகள்

"லெகோ மாதிரியே இருக்கிறது, விலை பாதிக்கும் குறைவு, வாங்கலாமா? இது திருட்டுச் சரக்கா?" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் கிடையாது. கட்டையின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. கட்டையின் உருவத்தையே வணிகக் குறியீடாகக் காத்துக்கொள்ள லெகோ முயன்றது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005இல் போட்டிக் கட்டைகளான மெகா பிளாக்ஸ் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் கட்டையின் உருவம் தொழில்நுட்பத் தேவைக்காக அமைந்தது, அதைக் குறியீடாகப் பதிய முடியாது என்றது. ஆக, 8 மில்லிமீட்டர் கணக்கில் கட்டை செய்வது சட்டப்படி தவறில்லை.

ஆனால் ஒரு செட்டின் வடிவமைப்பை அப்படியே நகலெடுப்பதும், பெட்டியின் படத்தைத் திருடுவதும், 1978இல் வந்த லெகோவின் குட்டி மனித உருவத்தைக் காப்பியடிப்பதும் வேறு விஷயம். மனித உருவத்தின் குறியீட்டுப் பாதுகாப்பை ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல் உறுதி செய்தது. லெகோ செட்டுகளை வரிக்கு வரி நகலெடுத்த லெபின் நிறுவனத்தின் கூடங்களில் சீனக் காவல்துறை 2019இல் சோதனை நடத்திப் பலரைக் கைது செய்தது. நகல் செட்டை வாங்கினால், அதை வடிவமைத்தவருக்கு ஒரு பைசா போகாது. சொந்தமாக வடிவமைத்து விற்கும் மாற்று நிறுவனங்களும் நகல்காரர்களும் ஒன்றல்ல. வாங்கும்போது இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டியது நம் கடமை என்றே நினைக்கிறேன்.

நேர்மையான மாற்று பிராண்டுகள் லெகோ போகாத இடங்களுக்குப் போகின்றன. லெகோ நவீனப் போர்க்கருவிகளை நிஜம்போலச் செய்வதைத் தவிர்க்கும். போலந்தின் கோபி நிறுவனமோ டாங்கிகளுக்கும் போர்க்கப்பல்களுக்கும் பெயர் பெற்றது. வரலாற்று வாகனங்களில் ஆசை உள்ளவருக்கு கோபிதான் முதல் தேர்வு. லெகோவுக்காக அவர் காத்திருப்பதில் பயனில்லை. ஜப்பானின் நானோபிளாக் 2008இல் வந்தது. மிகச் சிறிய கட்டைகள், உள்ளங்கையில் அடங்கும் மாதிரிகள், இடம் இல்லாதவர்களுக்கு நல்ல விஷயம். ஆனால் அது லெகோவோடு பொருந்தாது. "எல்லாம் ஒன்றோடொன்று சேரும்" என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு இங்கே சீரின்மைதான். ஒரு பிராண்டின் கட்டைகள் அருமையாகக் கவ்வும், அதே பிராண்டின் நீண்ட டைல்கள் (மேலே குமிழ் இல்லாத தட்டைத் துண்டுகள்) லேசாக வளைந்திருக்கும். ஆகவே பெரியதை வாங்கும் முன் அந்த பிராண்டின் சின்ன செட் ஒன்றை வாங்கிச் சோதித்துப் பாருங்கள். 2×4 கட்டைகள், அதாவது இரண்டு வரிசையில் நான்கு நான்கு குமிழ் உள்ளவை, பத்தை அடுக்கி, மேல் கட்டையைப் பிடித்துத் தூக்குங்கள். உதிராமல் வரவேண்டும். வழுவழுப்பான டைல்கள் ஆறேழை ஒட்டி வைத்து விரலால் தடவுங்கள். இடையில் விரல் தட்டினால் அளவு சரியில்லை. ஒரே நிறத் துண்டுகள் சிலவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்துப் பாருங்கள். கண்ணாடித் துண்டுகளில் கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தச் சோதனையில் தேறிய பிராண்டை நம்பிப் பெரிய செட்டுக்குப் போகலாம்.

துண்டு ஒன்று குறைந்தால் யார் தருவார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கட்டி முடிக்கும் நேரத்தில் ஒரு துண்டுக்காக மாதக் கணக்கில் காத்திருப்பது பொறுமையைச் சோதிக்கும். பின்னாளில் விற்க நினைத்தால் லெகோவுக்குக் கிடைக்கும் விலை இவற்றுக்குக் கிடைக்காது. லெகோவோடு கலந்துவிட்டால் இன்னும் மோசம், இரண்டின் விலையும் இறங்கிவிடும். இரண்டும் வைத்திருப்பவர்கள் தனித்தனி டப்பாவில் வைப்பது நல்லது.

## பழைய கட்டைக் குவியல்

யாரோ ஒருவர் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று ஒரு பெரிய டப்பாவை எடைக்கு விற்கிறார். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். எல்லோருக்கும் ஏற்ற வழி அல்ல என்பதையும் அறிவேன்.

ஒரு 2×4 கட்டை ஏறக்குறைய 2.3 கிராம். ஒரு கிலோ என்றால் அந்த அளவில் நானூற்றுச் சொச்சம் கட்டைகள், சின்னத் துண்டுகள் கலந்தால் இன்னும் நிறைய. துண்டுக்கு ஆகும் விலையில் எந்தப் புது செட்டும் இதற்குப் பக்கத்தில் வராது. ஆனால் எடைக்கு வாங்கும்போது எடையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரிய தரைத்தகடுகள், வேறு பிராண்ட் கட்டைகள், உடைந்த சக்கரங்கள் எல்லாம் எடை கூட்டும். விவரம் தெரிந்த விற்பனையாளர் குட்டி மனித உருவங்களைப் பொறுக்கி எடுத்துத் தனியாக விற்றுவிட்டு மீதியைத்தான் குவியலாகத் தருவார். அவற்றுக்குத்தான் விலை அதிகம்.

அசல் லெகோவா என்று பார்ப்பது எளிது. குமிழின் தலையில் நிறுவனத்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். அதன்பின் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, மஞ்சளித்த வெள்ளை. வெயில் பட்டதன் அடையாளம் அது. இரண்டு, இரண்டு வகைச் சாம்பல் நிறம். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களை நீலம் கலந்த சாம்பலாக மாற்றியது. பழையதும் புதியதும் கலந்து ஒரு கோட்டைச் சுவர் எழுப்பினால் திட்டுத் திட்டாகத் தெரியும். பாழடைந்த கோட்டை என்றால் அதுவே அழகு! விண்கலம் என்றால் எடுபடாது. மூன்று, உடையும் பழுப்பு. பழுப்பும் அடர்சிவப்பும் சில காலகட்டங்களில் பலவீனமாக வந்திருக்கின்றன. பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும், பிரிக்க முயன்றால் கையிலேயே இரண்டாகும். பழுப்புத் துண்டுகளை மேல்பரப்பில் மட்டும் பயன்படுத்துங்கள், பாரம் தாங்கும் இடத்தில் வேண்டாம்.

கழுவுவது ஒரு பெரிய வேலை. வெதுவெதுப்பான தண்ணீர், 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு. கையால் அலச வேண்டும். மோட்டார், விளக்கு, பேட்டரிப் பெட்டி எதையும் தண்ணீரில் போடாதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டிய துண்டுகளைத் தனியாக ஒதுக்கித் துணியால் துடையுங்கள். அலசியபின் துணியில் பரப்பி நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். உள்ளே தங்கும் ஈரம் வாடை பிடிக்கும்.

காய்ந்தபின் பிரிப்பது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் நிறவாரியாகப் பிரிக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், வேலைக்கு ஆகாது. சிவப்புக் குவியலுக்குள் ஒரு சின்னச் சிவப்புத் துண்டைத் தேடிப் பாருங்கள், கண் தவித்துப் போகும். அதையே வடிவவாரியாகப் பிரித்து வைத்தால், ஒரே வடிவத்துக்குள் சிவப்பு மட்டும் எட்டிப் பார்க்கும். நம் கண் வடிவத்தைவிட நிறத்தைச் சீக்கிரம் பிடிக்கிறது. ஆகவே முதலில் பெரும் பிரிவு: கட்டைகள், பிளேட்டுகள், டைல்கள், சரிவுத் துண்டுகள், சக்கரம் அச்சு வகையறா. ஒரு டப்பா நிரம்பி வழியும்போது மட்டும் அதை இரண்டாகப் பிரியுங்கள். முதல் நாளே ஐம்பது டப்பா வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை.

இதன் மறைமுகச் செலவு நேரமும், முழுமையின்மையும். குவியலுக்குள் ஒரு பழைய செட்டின் பாதி கிடைக்கும். மீதியைத் துண்டு துண்டாக வாங்கி முடிக்கலாம் என்று ஆசை வரும். அந்தக் கடைசிச் சில துண்டுகள் அபூர்வமானவையாக இருந்தால், முழு செட்டின் விலையில் பெரும்பங்கை அவையே தின்றுவிடும். எந்த செட்டை முடிக்கப் போகிறீர்கள், எதை வெறும் கட்டையாகக் கலைத்துவிடப் போகிறீர்கள் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

பிரிப்பதே ஒரு சுகமாகத் தெரிபவர்களுக்கு இது சொர்க்கம். சொந்தமாகக் கட்ட நினைப்பவர்களுக்கு இருப்பு சேர்க்க இதைவிட மலிவான வழி கிடையாது. வெறும் ஒரு அழகான மாதிரி அலமாரியில் வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

## சொந்தமாக வடிவமைத்துத் துண்டு வாங்குவது

ஆறு 2×4 கட்டைகளை, ஒரே நிறத்தில், எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் சோரன் ஐலர்ஸ் கணினியில் எண்ணிப் பார்த்துச் சொன்ன விடை 91,51,03,765. வெறும் ஆறு கட்டைகளுக்கு! இந்த எண்ணைக் கேட்டுக் கை பரபரத்தால் உங்களுக்கான இடம் இது.

முதலில் கணினியில் கட்டிப் பார்ப்பதுதான் இப்போதைய வழக்கம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995இல் எல்டிரா என்ற இலவச மென்பொருளை எழுதினார். அதில் தொடங்கிய மரபு இன்று ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருள் வரை வந்திருக்கிறது. ஸ்டுடியோ, பிரிக்லிங்க் என்னும் இணையச் சந்தையோடு இணைந்தது. நீங்கள் வரைந்த மாதிரிக்குத் தேவையான துண்டுகளின் பட்டியலை எடுத்து, உலகம் முழுக்க உள்ள சிறு விற்பனையாளர்களிடம் தேடலாம். 2000இல் தொடங்கிய இந்தச் சந்தையை 2019இல் லெகோ நிறுவனமே வாங்கிவிட்டது.

இங்கேதான் அந்த அளவுக் கணக்கு கைகொடுக்கும். ஐந்து பிளேட்டுகளை அடுக்கினால் 16 மில்லிமீட்டர். இரண்டு குமிழ்களின் அகலமும் 16 மில்லிமீட்டர். ஆகவே ஐந்து பிளேட் அடுக்கைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால், இரண்டு குமிழ் இடைவெளியில் கச்சிதமாக உட்காரும். குமிழ்களைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டும் நுட்பம் முழுவதும் இந்த ஒரு சமன்பாட்டில் நிற்கிறது. ஜன்னல் சட்டம், கார் முன்முகம், எழுத்துப் பலகை எல்லாம் இப்படித்தான் வழுவழுப்பாக வருகின்றன. இதைக் கையில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டால் செட் கையேடுகளைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

ஆனால் செலவு எங்கிருந்து வரும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். துண்டு விலை சில்லறைதான். ஆனால் முந்நூறு வகைத் துண்டுகளும் ஒரே விற்பனையாளரிடம் கிடைப்பது அபூர்வம். நாலைந்து பேரிடம் வாங்கினால் நாலைந்து முறை அனுப்பும் செலவு, சிலரிடம் குறைந்தபட்சக் கொள்முதல் வேறு. சில நேரம் அனுப்பும் செலவே துண்டுகளின் விலையைத் தாண்டும். இதைக் குறைக்க ஒரே வழி, அவசரப்படாமல் இருப்பது. இரண்டு மூன்று வேலைகளின் பட்டியலைச் சேர்த்து ஒரே ஆர்டராகப் போடுங்கள். நிறத்திலும் விட்டுக்கொடுங்கள். வெளியே தெரியாத உள்கட்டைகள் எந்த நிறமாக இருந்தால் என்ன? அங்கே மலிவான நிறத்தைப் போடலாம், பழைய குவியலிலிருந்தும் எடுக்கலாம்.

திரையில் நின்றது மேசையில் நிற்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. திரையில் பாரம் கிடையாது, நம் விரல்களின் பருமனும் கிடையாது. ஒரு துண்டை எந்த வழியாக உள்ளே நுழைப்பது என்று மென்பொருள் சொல்லாது. பெரிய மாதிரியை முழுதாக வாங்கும் முன், பாரம் விழும் மூலையை மட்டும் இருக்கும் கட்டைகளில் கட்டிப் பாருங்கள். ஆர்டரில் சின்னத் துண்டுகளைக் கொஞ்சம் கூடுதலாகவே போடுங்கள், வேலைக்கு நடுவில் ஒன்று குறைந்தால் அதற்காக இன்னொருமுறை அனுப்பும் செலவு கொடுக்க வேண்டிவரும்.

பிறர் வடிவமைத்த மாதிரிகளின் கையேட்டை மட்டும் வாங்கி, துண்டுகளை நாமே சேர்த்துக் கட்டுவது நடுவழி. புது செட்டின் நிம்மதியும் துண்டு தேடும் சுவாரசியமும் ஓரளவு சேர்ந்தே கிடைக்கும். கணினியில் மட்டும் கட்டி நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. செலவும் இல்லை, இடமும் வேண்டாம். ஆனால் திரையிலிருந்து விலகத்தான் வந்தீர்கள் என்றால் அது விடையல்ல.

## ஒரு பார்வையில்

| | புது லெகோ செட் | மாற்று பிராண்ட் | பழைய குவியல் | சொந்த வடிவமைப்பு |
|---|---|---|---|---|
| கட்டத் தொடங்குவது | பிரித்த உடனே | பிரித்த உடனே | கழுவிப் பிரித்த பிறகு | துண்டுகள் வந்து சேர்ந்த பிறகு |
| துண்டுக்கு ஆகும் விலை | அதிகம் | குறைவு | மிகக் குறைவு | துண்டைப் பொறுத்து ஏறி இறங்கும் |
| பிடிப்பும் நிறமும் | நம்பலாம் | பிராண்டைப் பொறுத்தது | துண்டுக்குத் துண்டு மாறும் | புதுத் துண்டுகள் என்றால் நம்பலாம் |
| மறைந்த செலவு | இடம், தூசி, ஸ்டிக்கர் | குறைந்த துண்டு, மறுவிற்பனை | நேரம், முழுமையின்மை | அனுப்பும் செலவு, காத்திருப்பு |
| கலைத்துக் கட்ட | நன்றாக வரும் | தனியாக வைத்தால் வரும் | இதற்காகவே வாங்குவது | நன்றாக வரும் |
| மனநிலை | களைத்த மாலை | குறிப்பிட்ட பொருளில் ஆசை | தேடலும் பிரித்தலும் | யோசிக்கும் உற்சாகம் |

## தயங்கி நிற்பவர்களுக்கு

பட்ஜெட் கொஞ்சம்தான் என்றால் இரண்டு வழி: சின்னப் புது செட், அல்லது சோதித்துப் பார்த்த மாற்று பிராண்ட். எந்த மாதிரி வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தால் எந்த பிராண்டில் அது நன்றாக வருகிறதோ அதை வாங்குங்கள். எதுவும் மனத்தில் இல்லை, கட்டிப் பார்க்க வேண்டும் அவ்வளவுதான் என்றால் 3-இன்-1.

இடம் இல்லாதவர்கள் பெரிய காட்சி மாதிரிகளை விட்டுவிட்டு, கட்டிக் கலைக்கும் பழக்கத்துக்கு வாருங்கள். ஒரு மாதிரியை ஒரு மாதம் வைத்துப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, பிரித்து டப்பாவில் போடுவது நல்ல ஒழுங்கு. பிரிக்கும்போது பல்லால் கடித்து இழுக்காதீர்கள், பல்லும் கட்டையும் இரண்டுமே போகும். லெகோவின் ஆரஞ்சு நிறப் பிரிப்பான் ஒன்று பெரிய செட்டுகளில் கூடவே வரும், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தவழும் குழந்தை உள்ள வீடு என்றால், சின்னத் துண்டுகள் வாய்க்குள் போகும் ஆபத்தை வைத்தே எல்லா முடிவும் எடுக்க வேண்டும். மூடியுள்ள தட்டில் கட்டி, எழுந்திருக்கும்போது மூடி உயரத்தில் வைப்பவர்களுக்கு மட்டும்தான் நான் ஆயிரம் துண்டு செட்டைச் சொல்வேன்.

கடைசியாக, சிறுவயதில் லெகோ வைத்திருந்தவர்கள் எதையும் வாங்கும் முன் அந்தப் பழைய டப்பாவைத் தேடிப் பாருங்கள். அம்மா தூக்கிப் போட்டிருக்க மாட்டார். அதைக் கழுவி, எந்தெந்த செட் என்று கையேடுகளிலிருந்தோ பெட்டி எண்ணிலிருந்தோ தெரிந்துகொண்டு, ரீபிரிக்கபிள் தளத்தில் அந்த எண்களைப் பதிந்தால், இருக்கும் துண்டுகளை வைத்து வேறு என்னென்ன கட்டலாம் என்று பட்டியலே தரும். கையேடு இலவசமாகவே கிடைக்கும் மாதிரிகளும் அதில் ஏராளம். அவற்றில் இரண்டைக் கட்டி முடித்துவிட்டுப் பிறகு மேலே உள்ள நான்கில் எது வேண்டும் என்று பாருங்கள். கட்டும்போது உங்களுக்கு எரிச்சல் வந்தது துண்டு தேடுவதிலா, என்ன கட்டுவது என்று முடிவு செய்வதிலா என்பதைக் கவனித்திருப்பீர்கள். தேடுவதில் எரிச்சல் என்றால் எண்ணிட்ட பைகளோடு வரும் புது செட் வாங்குங்கள். கையேடு கட்டிப்போடுகிறது என்று தோன்றியிருந்தால் பழைய குவியல் ஒன்றை எடைக்கு வாங்கி, ஸ்டுடியோவைக் கணினியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.